கையுறைக்காரனுக்குக் குரல் கொடுத்த நாள்

வருடத்துக்கு ஒரு முறை, நான் உயிரோடு இருக்கிறேனா என்று அரசாங்கம் விசாரிக்கிறது. மற்ற நாட்களில் விசாரிக்க ஆள் இல்லாததால் அந்த நாளை நான் மரியாதையோடுதான் எதிர்கொள்கிறேன். இஸ்திரி போட்ட சட்டை, முகச் சவரம், ஆதார், பென்ஷன் புத்தகம், இரண்டு நகல்கள், நகலுக்கு ஒரு நகல். இந்த மூன்றாவது நகலை யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தே முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான்.

உத்தியோகம் பார்த்தது சித்தூரில். மனைவி போன பிறகு, மகன் திருப்பதியில் வாங்கிப் போட்டிருந்த ஃபிளாட்டுக்குக் குடி வந்தேன். மகன் வெளிநாட்டில். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த ஃபிளாட்டின் சிறப்பு என்று தொலைபேசியில் சொன்னான். அப்பாவுக்கு எது தேவைப்படும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

அந்த வருடம் உயிர்ச் சான்றுக்கு ஓய்வூதியர் சங்கத்தின் மாடி ஹாலில் முகாம் போட்டிருந்தார்கள். அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று மின்விசிறி, கைரேகை பிடிக்கும் சின்னக் கருவி ஒன்று. பதினோரு மணிக்கெல்லாம் நான்கு பேரிடம் படிவத்தில் இருந்த தப்பைக் காட்டிவிட்டேன். "சார் இருந்தா நமக்கு டென்ஷன் இல்ல" என்றார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். சங்கத்தில் எனக்கு இருக்கும் மதிப்பு இவ்வளவுதான். படிவம் முடிந்ததும் என்னை மறந்துவிடுவார்கள். நியாயம்தான், படிவத்தைத் தாண்டி நான் எதையும் கொடுப்பதில்லை.

பதினொன்றரைக்குக் கருவி வைத்திருந்த பெண் எழுந்து நின்று, "சர்வர் டவுன் அண்டி. ஒன் அவர் அவுதுந்தி" என்றாள். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அரசாங்கக் கணக்கில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தங்கள் கேட்டன.

அப்போதுதான் அவன் வந்தான்.

ஒரு பெண் முழங்கையைப் பிடித்து மெதுவாக அழைத்து வந்தாள். கறுப்புக் கண்ணாடி. படிகளை எண்ணி ஏறி வந்தவனைப்போல உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார வைத்தாள். "ஃபேன் காத்து வருதா மாமா?" என்று கேட்டாள். மருமகள் என்று தெரிந்தது. அவன் தலையசைத்தான். முகம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குக் கண் போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் இருவரும் சித்தூரில் ஒரே அலுவலகத்தில் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லா அலுவலகமும் ஒன்றுதான். கோப்பெல்லாம் தெலுங்கு, பேச்செல்லாம் தெலுங்கு. மதியச் சோற்று நேரத்தில் மட்டும் நாங்கள் தமிழ். அவன் நகரியில் தறிக்காரக் குடும்பம். "துன்னுட்டு வர்றேன்" என்றுதான் சொல்வான், அதிகாரி எதிரில் நின்றாலும். பிறகு ஒரு நாள் அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். இருபத்தாறு வருடம் ஆகிறது. ஓய்வுக்குப் பிறகு சந்திரகிரியில் மகன் வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். திருப்பதியிலிருந்து சந்திரகிரிக்கு அரை மணி நேரப் பஸ். அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதில்லை.

அவன் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் மிச்சமில்லை. திட்டினாலும் சரி.

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் பேசாதவரை நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. குரல் கேட்டால் எழுந்து போய்விடுவான் என்று பயம். கண்டக்டர் இரண்டு முறை ஏதோ கேட்டார், கையாலேயே பதில் சொன்னேன். "என்ன சார், மௌன விரதமா?" என்றார்.

அந்த விரதத்தைக் கெடுக்க வந்தார் பேராசிரியர். எங்கள் சங்கத்தில் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். புரொஜெக்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, கிடைத்த கூட்டத்துக்கெல்லாம் படம் காட்டுவார். சர்வர் படுத்துக்கொண்டதும் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வேட்டி ஒன்றைக் கட்டினார்.

"நூறு வருஷத்துக்கு முந்தைய படம். ஏதோ ஐரோப்பிய நாடு. முதல் சுருள் தொலைஞ்சு போச்சு, பேரு தெரியாது, எடுத்தவன் யாருன்னும் தெரியாது" என்றார் பெருமையாக.

"பேரு தெரியாத படத்துக்கு சென்சார்காரன் எப்படி சர்ட்டிபிகேட் கொடுத்தான்?" என்றார் கண்டக்டர்.

படம் ஓடியது. ஒரு நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ், சத்தமே வர்ல. ஸ்பீக்கர ஆன் பண்ணு."

"ஊமைப் படம்பா. நடுவுல கார்டு வரும், படிச்சுக்கணும்."

"படிக்கறதுக்குக் கண்ணு வேணாவா? நேத்துதான் ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துக்கீறேன்."

கார்டுகள் ஏதோ அந்நிய மொழியில் இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் ஆங்கிலம். பேராசிரியர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது. "சார், நீங்க வாங்க. தமிழ்ல ஒரு தரம், தெலுங்குல ஒரு தரம் படிச்சுச் சொல்லிடுங்க. உங்க குரல் நல்ல குரல்."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். விடுப்பு விண்ணப்பத்துக்கு நாற்பது காரணம் தெரிந்தவனுக்கு அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் கார்டு வந்தது. படித்தேன்.

"இந்த ஊரில் பூட்டு விற்பவன் பட்டினி கிடந்தான்."

மூன்றாவது வரிசையில் அவன் தலை நிமிர்ந்தது. கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பி நின்றது. கைத்தடியின்மேல் இருந்த விரல்கள் இறுகின. எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை. மருமகளிடம் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கதை சாதாரணமானதுதான். கடலோரம் ஒரு சின்ன ஊர். எல்லோரும் நல்லவர்கள். படகிலிருந்து ஒருவன் இறங்குகிறான். உயரமானவன், அழகன், வெள்ளைக் கையுறை போட்டிருப்பான். நாய்க்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வான். யாரையும் அதட்டமாட்டான், யாரிடமும் பொய் சொல்லமாட்டான். நல்லவர்களைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்வது மட்டுமே அவன் வேலை.

கார்டு வராத நேரங்களில் நான் சும்மா நிற்க வேண்டியது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அறுபது பேர் படம் பார்க்கிறார்கள், ஒருவன் மட்டும் புரொஜெக்டரின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கண் தெரியாதவனுக்கு ஊமைப் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? என் குரல்தான் இருந்தது. ஆகவே பேச ஆரம்பித்தேன்.

"இப்போது அவன் ஒரு மாவுக் கடைக்குள் போகிறான். கடைக்காரி வயதானவள். தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இவன் கையுறையைக் கழற்றாமல் அவள் கையைப் பிடித்து முத்தமிடுகிறான். அவளுக்கு வெட்கம்."

"அது எங்களுக்கே தெரியுது சார்," என்றார் கண்டக்டர். "நமக்குக் கண்ணு கீது. நீ கார்ட மட்டும் சொல்லு."

"இருக்கட்டும்யா, ரேடியோ கேட்ட மாதிரி கீது" என்றது கண் ஆபரேஷன் செய்த குரல்.

நான் நிறுத்தவில்லை. கடைக்காரியிடம் அவன் சொல்கிறான்: "உங்கள் சுண்டுவிரல் கொஞ்சம் களைத்திருக்கிறது. தட்டின்மேல் அது ஓய்வெடுத்துக்கொள்ளட்டுமே." அவ்வளவுதான். அடுத்த காட்சியில் மாவு நிறுக்கும்போது அவள் சுண்டுவிரல் தராசுத் தட்டின்மேல் இருக்கிறது. "இவன் நம்ம டிப்போவுல இருந்திருக்கணும்" என்றார் கண்டக்டர். ஹாலே சிரித்தது. அவனும் சிரித்தானா என்று பார்த்தேன். வாய் கொஞ்சம் அசைந்ததுபோல இருந்தது. இருட்டு, உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு மணியடிப்பவன் வருகிறான். பாறைகள் நிறைந்த கரை அது. பனிமூட்டம் இறங்கினால் கோபுரத்தில் ஏறி மணியடிக்க வேண்டும். சத்தத்தை வைத்துத்தான் மீன்பிடிக்கப் போன படகுகள் கரை சேரும். முப்பது வருடமாக ஒரு நாள் தவறாதவன். கையுறைக்காரன் அவனைச் சாராயக் கடை வாசலில் பார்க்கிறான். சீட்டு விரித்த மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலியைக் காலால் மெதுவாக இழுத்துப் போடுகிறான். கார்டு வந்தது.

"இன்று பனி இறங்காது. உட்காருங்கள். எனக்குத் தனியாக விளையாடப் பிடிக்காது."

தமிழில் படித்தேன். தெலுங்கில் படிக்கும்போது என் குரல் தேய்ந்துபோனது. பேராசிரியர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரதய்யபாளையம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு புறம்போக்கு நிலம். பதினோரு குடும்பங்கள் குடிசை போட்டிருக்கிறோம், மனைப் பட்டா கொடுங்கள் என்று மனு. நேரில் போய்ப் பார்த்து, அங்கிருப்பவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, அதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு கைநாட்டு வாங்கி வர வேண்டும். அவனுக்கு வந்த வேலை அது. சித்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு நடை. குடை, தண்ணீர், கட்டுச்சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பியவன் என் மேசைக்கு வந்து சொல்லிவிட்டுப் போக நின்றான்.

"அங்க இன்னா கீது? முள்ளுச் செடி," என்றேன். "போன வருஷ ரிப்போர்ட் அலமாரில கீது. தேதிய மாத்தி எழுதிடு."

"ஆளுங்க கீறாங்கன்னு மனுவுல எழுதிக்கீறாங்களே."

"மனுவுல எவன்தான் இல்லன்னு எழுதுவான்? உக்காரு." பக்கத்து மேசை நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ரெண்டரைக்கு மாட்னி. புதுப் படம். எனக்குத் தனியா போயி படம் பாக்கப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?"

அவன் குடையைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், உட்கார்ந்தான். நல்ல கையெழுத்து அவனுக்கு. மளமளவென்று எழுதினான். கடைசி வரியில் பேனா நின்றது. அறிக்கை எப்படி இருந்தாலும் அந்த வரி ஒன்றேதான். 'படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டனர்.' "யாருக்குப் படிச்சிக் காட்டனேன்?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே அந்த வரியை வாயால் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். சாட்சிக் கையெழுத்துகளை மறுவாரம் கிராமத்திலிருந்து வந்த ஆள் போட்டுக் கொடுத்தான்.

இதில் எனக்கு என்ன லாபம் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. படம் பார்க்கத் துணை வேண்டியிருந்தது. என்ன படம் என்றுகூட இப்போது நினைவில்லை. இடைவேளையில் அவன் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நிலம் காலி என்று எங்கள் அறிக்கை சொன்னதால் அது வேறு தேவைக்கு ஒதுக்கப்பட்டு, குடிசைகளைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை.

"நாங்க அங்க இல்லன்னு எழுதிக்கீறீங்களாமே சார். பதினோரு வூடு. அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்திச்சி. நீங்க வந்து பாத்தீங்களா?"

இதற்குச் சொல்ல வேண்டிய பதில்கள் எனக்குத் தெரியும். ஆவணங்களின்படி, மேல்முறையீடு செய்யலாம், முப்பது நாட்களுக்குள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்றான்.

"வர்லம்மா" என்றான்.

ஓர் அரசாங்க அலுவலகத்தில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அன்றைக்கே அதிகாரியிடம் போய், பார்க்காமல் எழுதினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். விசாரணை வைத்தார்கள். நடைமுறை தெரிந்தவன் என்று பதிவு செய்யும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

"இப்படிச் செய்யலாம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இல்லை" என்றான்.

நான் 'இல்லை' என்று எழுதினேன். தெளிவான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். விதிப்படி முழு வாக்குமூலத்தையும் அவனுக்கே படித்துக் காட்டினேன். முடித்ததும், சரியா என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

"சரி" என்றான்.

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவனைக் குப்பம் தாண்டி, மாவட்டத்தின் கோடியில் இருந்த குடுபல்லிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அந்தக் குடும்பங்களுக்காக அவன் எழுதிப் போட்ட மனுக்கள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தன. இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு வேறு இடம் கிடைத்தது, கிணற்றுக்கு வெகு தூரத்தில். நான் பதவி உயர்ந்தேன். ஓய்வுபெற்ற அன்று சால்வை போர்த்தி, விதிகளின் நடமாடும் புத்தகம் என்று பேசினார்கள். நான் எழுதச் சொல்லவில்லை, எழுதலாம் என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு எனக்கு நிறைய சாயங்காலங்கள் கிடைத்தன.

வேட்டித் திரையில் பனி இறங்கிவிட்டிருந்தது. மணியடிப்பவன் விளையாட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வெளுத்துப்போனதை அவன் பார்க்கவில்லை. "பனி ஜன்னல்வரை வந்துவிட்டது" என்று சொன்னேன். கண்டக்டர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பிறகு கரை, உடைந்த பலகைகள், பெண்கள் ஓடுகிறார்கள். மணியடிப்பவன் கையுறைக்காரன் எதிரில் வந்து நிற்கிறான். வாய் திறந்து மூடுகிறது. "உனக்கு என்ன கிடைத்தது?" என்று கார்டு கேட்டது. அதைப் படித்தேன்.

கையுறைக்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறான். கார்டு வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி.

நான் அதைப் பார்த்தேன். ஹாலில் அறுபது பேர். முன்வரிசையில்கூட யாருக்கும் அவ்வளவு சின்ன எழுத்து தெரியாது. பேராசிரியர் மின்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாருக்குத் தெரியப்போகிறது?

"தவறு என்னுடையது. என்னை மன்னித்துவிடு" என்று படித்தேன்.

இந்த முறை என் குரல் தேயவில்லை. நன்றாகவே வந்தது. தெலுங்கில் சொல்ல மூச்சு எடுத்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து கைத்தடி ஒரு தடவை தரையில் தட்டியது.

"அவன் அப்டி சொல்ற ஆளு இல்ல."

இருபத்தாறு வருடத்தில் அந்தக் குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் அதே நகரிப் பேச்சு. யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று தெரியாமல் ஹாலே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் மட்டும் நேராக என்னை நோக்கி இருந்தது.

"கார்டுல இன்னா எழுதிக்கீதோ அத்த மட்டும் படி."

மருமகள் பதறிப்போனாள். "மாமா, சும்மா இருங்க. சார் எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்கிறாரு." என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றாள்.

கார்டு போய்விட்டிருந்தது. "கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள், ஒன்று தவறாகப் படித்துவிட்டேன்" என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் ஓட்டினார். மணியடிப்பவன் மறுபடி வந்து நின்றான், வாய் மறுபடி திறந்து மூடியது. கார்டு வந்தது. உள்ளதைப் படித்தேன்.

"நான் உன்னை எதையும் செய்யச் சொல்லவில்லையே. நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்."

தெலுங்கிலும் படித்தேன். அவன் தலை ஒரு முறை மேலும் கீழும் அசைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கருவிக்காரப் பெண், "சர்வர் ஒச்சிந்தி!" என்று கூவினாள். சர்வர் வந்துவிட்டது என்றதும் அறுபது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் தேய்ந்தன. பேராசிரியர், "கடைசிப் பத்து நிமிஷம் இருக்குங்க" என்று கெஞ்சினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். வெயிலில் வேட்டி வெறும் வேட்டியாகிவிட்டது.

அவன் முறை வந்தபோது கருவி அவன் விரலை ஏற்கவில்லை. தறியில் வளர்ந்த விரல், ரேகை எப்போதோ தேய்ந்திருக்கும். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். கருவிழியைப் படம் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும்" என்று படிவத்தை நீட்டினாள். கண் தெரியாதவருக்கு யாராவது முழுவதும் படித்துக் காட்டி, படித்துக் காட்டினேன் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெலுங்குப் படிவம். மருமகள் வேலூர்ப் பக்கத்துப் பெண், தெலுங்கு எழுத்து தெரியாது. சுற்றிலும் பார்த்தாள்.

"படம் படிச்ச சாரையே கேட்டுடுங்கம்மா," என்றார் கண்டக்டர். "படிவம்னா அவருக்கு அல்வா துன்ற மாதிரி."

அவள் கேட்டாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது, ஆனால் நான் நின்றுகொண்டே படித்தேன். பெயர், தந்தை பெயர், கடைசியாக வேலை பார்த்த இடம், சந்திரகிரியில் கதவு எண், தெரு. பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கை வரை ஒன்றையும் விடவில்லை. 'மேற்கண்டவர் இன்று உயிருடன் உள்ளார்' என்ற வரியைப் படித்ததும் நிறுத்தினேன்.

"முழுசா படிச்சியா?" என்றான்.

"முழுசா."

"பின்னாடி பக்கம்?"

பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. அதை யாரும் படிப்பதில்லை. திருப்பிப் படித்தேன்.

அவன் கையை நீட்டினான். பேனாவைக் கொடுத்து இடத்தைக் காட்டினேன். கையெழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறியது, ஆனால் அதே பழைய கையெழுத்து. அதற்கு அடியில் நான் எழுத வேண்டியதை எழுதினேன். 'படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார்.' உத்தியோகத்தில் அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, ஒரு முறையும் கை இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

மருமகள் ஆட்டோ பிடிக்க முன்னால் இறங்கினாள். படிக்கட்டின் தலையில் அவன் நின்றான்.

"அந்த மணி அடிக்கறவன் அப்பறம் இன்னா ஆனான்?"

"தெரியல. நிறுத்திட்டாங்க."

"பாத்துட்டு வந்து சொல்லு."

படிகளை எண்ணிக்கொண்டே இறங்கிப்போனான்.

பேராசிரியரிடம் படத்தைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டேன். "முடிவு தெரியணும், அவ்வளவுதானே? இதோ ஒரே வரியில் சொல்லிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஃபிளாட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமல்ல, முழுப் படத்தையும் மறுபடி பார்த்தேன். தனியாகத்தான் பார்த்தேன். வேறு வழியில்லை. கார்டுகளை ஒரு தாளில் எழுதி, எழுதியதைத் திரையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்திரகிரிப் பஸ்ஸில் ஏறினேன். படிவத்தில் படித்த கதவு எண் மனதில் இருந்தது. மருமகள் கதவைத் திறந்து, "அட, சாரா! மாமா, படம் படிச்ச சார் வந்திருக்காரு" என்றாள். அவன் கூடத்தில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரேடியோவை நிறுத்தினான். வா என்று சொல்லவில்லை.

தாளை எடுத்தேன். "மணியடிப்பவன் கோபுரத்தில் ஏறுகிறான். இப்போது பனி இல்லை, வெயில். இருந்தாலும் அடிக்கிறான். ஊர்க்காரர்கள் யாரும் திட்டவில்லை, யாரும் அவனோடு பேசவும் இல்லை. தினமும் ஏறி அடிக்கிறான். அவன் கதை அதோடு முடிகிறது."

"அவனு?"

யாரைக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "படகு ஏறுகிறான். கையுறையைக் கழற்றிப் பையில் வைக்கிறான். படகில் அவனுக்கு எதிரில் ஒரு பலகை காலியாக இருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கரையைப் பார்த்து வணக்கம் சொல்கிறான்."

"கரையில யாரு?"

"யாரும் இல்ல."

"கார்டு ஏதாச்சும் வந்திச்சா?"

வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிடமும் தோன்றியது. ஒரு வரி சொன்னால் போதும், அவன் போய்ச் சரிபார்க்கவும் முடியாது. "இல்ல" என்றேன். "கார்டு வரல. அப்படியே போறான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவன் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே மருமகள் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சரி" என்றான்.

ரேடியோவைப் போட்டான். மருமகள் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். போன முறை அந்த வார்த்தைக்குப் பிறகு இருபத்தாறு வருடம். எங்கள் இருவருக்கும் இனி அவ்வளவு வருடம் கிடையாது. திருப்பதிப் பஸ் காலியாக வந்தது. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.